இடது குதிகால்

வெண்டைக்காயின் நுனியை ஒடித்து முற்றல் பார்க்கும்போது ஒரு சின்னச் சத்தம் வருமே, அப்படி ஒரு சத்தம் என் உடம்புக்குள்ளிருந்து வந்தது. வெளியே யாருக்கும் கேட்டிருக்காது. எங்கள் குருசுக்குப்பத்துக் கரையில் அலை கருங்கற்களில் மோதிச் சிதறிக்கொண்டிருந்த நேரம் அது. கல்லின் மேல் நின்றிருந்த என் தோழி ரேவதி, நான் அழகாகக் குதித்துவிட்டேன் என்று நினைத்துக் கைகூடத் தட்டினாள். எனக்கு மட்டும் அது குதிகாலில் தொடங்கி முழங்கால் வழியாக ஏறி, கடைசியில் பல்லில் வந்து கூசியது. ஈர மணலில் உட்கார்ந்தபடி காலைப் பார்த்தேன். கால் பார்ப்பதற்குக் கால் மாதிரியேதான் இருந்தது. எழுந்து நிற்கலாம் என்று ஊன்றியபோதுதான் கடல், கல், ரேவதி எல்லாம் ஒரு நொடி கறுத்துப் போயின.

அப்போது எனக்குப் பதினாலு வயது முடிந்திருந்தது. ஒன்பதாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு மே மாத விடுமுறையில் இருந்தேன். படிப்பில் நடுத்தரம், வீட்டு வேலையில் அதற்கும் கீழே. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் என்னை எங்கள் பள்ளி முழுவதும் தெரிந்து வைத்திருந்தது. நீளம் தாண்டுதலில் என்னை விடத் தூரம் போகிறவள் பதினோராம் வகுப்பில்கூட இல்லை. ஓடி வந்து இடது காலால் பலகையை மிதித்து எழும்பும் அந்தக் கணத்தில் வயிற்றுக்குள் ஏதோ ஒன்று லேசாகி மேலே போகும். அதற்காகவே நான் பள்ளிக்கூடம் போனேன் என்று சொன்னாலும் தவறில்லை. அடுத்த தை மாதம் எல்லாப் பள்ளிகளுக்குமான போட்டி வரும், அதில் நீதான் என்று விளையாட்டு டீச்சர் சொல்லியிருந்தார். விடுமுறையில் பள்ளி மைதானம் பூட்டிக் கிடந்தது. பயிற்சி விட்டுப் போகக்கூடாதே என்று நானும் ரேவதியும் கரைக்குப் போனோம்.

கடல் ஊரை அரித்துவிடாமல் இருக்க எங்கள் கரை நெடுகக் கருங்கற்களைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு அதுதான் விளையாட்டுத் திடல். ஒரு கல்லிலிருந்து இன்னொரு கல்லுக்குக் கீழே இறங்காமல் தாவிக்கொண்டே போகும் விளையாட்டுக்கு "கல்லுத்தாவி" என்று பெயர். பாசி படிந்த கற்கள், நடுவில் கால் மாட்டிக்கொள்கிற சந்துகள். என் அம்மா அதைப் பற்றி ஒரே ஒரு முறைதான் பேசினாள். "கல்லு மேல உன்னப் பாத்தேன்னு எவளாவது வந்து சொல்லட்டும். அன்னியோட உன் ஓட்டம் குதியெல்லாம் முடிஞ்சுது" என்றாள். அம்மா சொன்னால் சொன்னதுதான். மணிக்கூண்டு மார்க்கெட்டில் மீன் விற்கிறவள் அவள், அஞ்சலை என்ற அவள் பெயரைச் சொன்னால் ஐஸ் வண்டிக்காரர்கூட வழிவிடுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாங்கள் ஏறியது இருந்ததிலேயே உயரமான கல். கீழே தெரிந்த மணல் திட்டு வரைக்கும் ஒன்றரை ஆள் உயரம் இருக்கும். ரேவதி, "வேணாம்டி கலை" என்று ஒரு தடவை சொன்னாள். நான் குதித்தேன். மணல் ஒரு சாண்கூட இல்லை, அடியில் கல் இருந்தது. இடது குதிகால் முதலில் போய் இடித்தது, அந்த வேகத்தில் பாதம் உள்பக்கமாக மடிந்தது.

ரேவதி என்னை "உப்புமூட்டை" தூக்கிக்கொண்டு வந்தாள். என்னைவிட ஒல்லியானவள், எப்படித் தூக்கினாள் என்பது இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. வழியிலேயே இருவரும் பேசி முடிவு செய்துவிட்டோம். தெருக்குழாயடிப் படியில் தண்ணீர் கிடந்தது, வழுக்கிக் கால் மடங்கிவிட்டது. அவ்வளவுதான் நடந்தது.

அம்மா வாசலில் மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். நாங்கள் சொன்னதைக் கேட்டாள், என் காலைப் பார்த்தாள், பாவாடையைப் பார்த்தாள், ரேவதியின் முகத்தைப் பார்த்தாள். பக்கத்துச் சந்திலிருந்த கஜா மாமாவைக் கூட்டி வர ஆள் அனுப்பினாள். குப்பத்தில் யாருக்குச் "சுளுக்கு" பிடித்தாலும் அவர்தான் எடுப்பார். வலை இழுத்துத் தோள் பிசகினவர்கள், படகிலிருந்து இறங்கும்போது கால் மடங்கினவர்கள் எல்லோரும் அவரிடம்தான் போவார்கள். எண்ணெய் தடவி, வேறு ஏதாவது கதை கேட்டு நம் கவனம் திரும்பியிருக்கும் நேரத்தில் ஒரு இழுப்பு இழுப்பார், அந்த இழுப்புக்கு ஊரே கத்தும். அவர் எண்ணெய்ப் பாட்டிலோடு வந்து என் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தபோது எனக்கு உண்மையாகவே அழுகை வந்துவிட்டது.

ஆனால் அவர் இழுக்கவில்லை. என் இரண்டு கால்களையும் சேர்த்து நீட்டச் சொல்லிவிட்டு, தரையோடு குனிந்து பாதங்களின் பின்பக்கத்தை வெகு நேரம் பார்த்தார். கணுக்கால் வெளிப்பக்கம் பன் மாதிரி உப்பியிருந்தது எல்லோருக்கும் தெரிந்தது. அவர் பார்த்தது அதை இல்லை.

"ரெண்டு குதிகாலையும் பாரு தங்கச்சி. இது அகண்டு கெடக்கு" என்றார் அம்மாவிடம். "சுளுக்குன்னா எடுத்துடுவேன். இது எனக்குப் புடிபடல. புடிபடாத கால நான் தொட மாட்டேன். பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டினு போ."

எண்ணெய்ப் பாட்டிலைத் திறக்கவேயில்லை. ஒரு தலையணையைக் கேட்டு வாங்கி, அதை என் காலைச் சுற்றி மடித்து, இரண்டு துண்டுகளால் மேலும் கீழும் கட்டிவிட்டார். காலை அசைக்காமல், கீழே தொங்கவிடாமல் கூட்டிப் போகச் சொன்னார். அவர் மட்டும் தன் பெயருக்காக அன்றைக்கு ஒரு இழுப்பு இழுத்திருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

ஆட்டோவில் அம்மாவின் மடியில் தலையணைக் காலை வைத்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் அம்மா இரண்டு கைகளாலும் காலைத் தூக்கிப் பிடித்தாள்.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் இருந்தது ஒரு பெண் டாக்டர். கண்ணாடி போட்ட ஒல்லியான உருவம், கல்லூரி முடித்து அதிக நாள் ஆகியிருக்காது. இரண்டு கட்டில் தள்ளி ஒருவர் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார், எதிர்க் கட்டிலில் ஒரு குழந்தை விடாமல் அழுதது. அந்தக் கூச்சலுக்கு நடுவே அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என் காலடியில் உட்கார்ந்தார். எப்படி விழுந்தாய் என்று கேட்டார். குழாயடிப் படி என்றேன்.

"நாலு அடி நடந்து காட்ட முடியுமா? நான் புடிச்சிக்கறேன்."

ஒரு அடிகூட முடியவில்லை. சரி, படு என்றார். முதலில் அடிபடாத வலது காலைத்தான் தொட்டுப் பார்த்தார். பிறகு இடது முழங்காலுக்குக் கீழே தொடங்கி, கட்டைவிரலால் ஒவ்வொரு இடமாக அமுக்கிக்கொண்டே இறங்கினார். கணுக்காலின் இரண்டு பக்கத்து முட்டிகளுக்கும் பின்னால், பாதத்தின் வெளி ஓரத்தில், மேல்புறத்தில் என்று அமுக்கி, ஒவ்வொரு அமுக்கலுக்கும் என் முகத்தைப் பார்த்தார். விரல்களை அசைக்கச் சொன்னார், தொட்டால் தெரிகிறதா என்றார், பாதத்தின் மேல் இரண்டு விரல் வைத்து நாடி பார்த்தார். கடைசியில் குதிகாலை இரண்டு பக்கமும் உள்ளங்கைகளால் சேர்த்து அமுக்கினார். நான் போட்ட கத்தலில் எதிர்க் கட்டில் குழந்தை அழுகையை நிறுத்தியது.

அம்மா இதையெல்லாம் தலைமாட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது வருடமாகக் கட்டைவிரலால் மீனை அமுக்கி, குழி விழுந்து எழும்புகிறதா என்று பார்த்து, செவுளைத் தூக்கி நிறம் பார்த்து வாங்கினவள் அவள். "நம்ம மாதிரிதான் பாக்குறாங்க" என்று என் காதில் மெதுவாகச் சொன்னாள். ஆஸ்பத்திரி என்றாலே அம்மாவுக்கு இருந்த பயம் அந்த இடத்தில் பாதி இறங்கியதை நான் பார்த்தேன்.

கணுக்காலுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். ஈரம் காயாத படத்தை டாக்டர் வெளிச்சப் பெட்டியில் செருகி, தள்ளி நின்று பார்த்தார், கிட்டே போய்ப் பார்த்தார். திரும்பி வந்து மறுபடியும் அதே ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"கணுக்கால்ல எலும்பு நல்லாத்தான் இருக்கு. தசைநார் இழுத்திருக்கு, அது வேற. ஆனா குதிகாலை அமுக்கினப்ப நீ அப்படிக் கத்தின. படியில வழுக்கினா அங்க வலிக்காது" என்றார். பிறகு குரலை உயர்த்தாமல், "நீ பொய் சொன்னா நான் தப்பான எடத்துல தேடிட்டு இருப்பேன். எங்கருந்து விழுந்த?" என்று கேட்டார்.

அம்மா பக்கத்தில் நிற்கிறாள். உண்மையைச் சொன்னால் தை மாதப் போட்டி போய்விடும், ஒருவேளை இனிமேல் எல்லாப் போட்டியும் போய்விடும். சொல்லாவிட்டால் கால் போய்விடுமோ என்று முதல் தடவையாகத் தோன்றியது. அப்புறம், "கல்லு மேலருந்து குதிச்சேன்" என்றேன். எவ்வளவு உயரம் என்று கேட்டார். அந்தக் கதவு உயரத்துக்கும் மேல என்றேன்.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. உடனே என்னைத் திருப்பிப் படுக்க வைத்து, முதுகெலும்பை மேலிருந்து கீழ் வரை அமுக்கினார், இரண்டு முழங்கால்களையும், மற்றக் குதிகாலையும் பார்த்தார். உயரத்திலிருந்து குதிகால் ஊன்றி விழுந்தால் அடி முதுகு வரைக்கும் ஏறலாம் என்று அம்மாவிடம் விளக்கினார். வேறெங்கும் வலி இல்லை. குதிகாலுக்குத் தனியாக இரண்டு பக்கத்திலிருந்தும் மறுபடி எக்ஸ்ரே எடுத்துவரச் சொன்னார். இந்த முறை படத்தைச் செருகியதும் அவரே அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். குதிகால் எலும்பின் நடுவே, தலைமுடி ஒன்று படத்தில் ஒட்டிக்கொண்டது போல ஒரு கோடு.

"இதுதான் முறிவு. விலகல. மூட்டுக்குள்ளயும் போகல. ஆபரேஷன் வேணாம். ஆனா காலை ஊனக் கூடாது. ஆறு வாரம்."

"அப்புறம் குதிப்பாளா?" என்று அம்மா கேட்டாள். நான் கேட்க நினைத்து நாக்கு எழாமல் இருந்த கேள்வியை, குதிக்கவே கூடாது என்றவள் கேட்டாள்.

"சொன்னதை ஒழுங்கா செஞ்சா குதிப்பா. சின்ன வயசு எலும்பு."

பின்பக்கம் மட்டும் மாவு வைத்து, பஞ்சு சுற்றி அரைக்கட்டுப் போட்டார்கள். வீக்கம் வடிந்த பிறகு ஒரு வாரத்தில் முழுக்கட்டு. காலைத் தலையணை அடுக்கி நெஞ்சுக்கு மேலே தூக்கி வைக்கவேண்டும், கட்டு நனையாமல் பார்த்து, முன்பக்கம் வீங்கின இடத்தில் துணி சுற்றிய ஐஸைப் பத்து நிமிடம் வைத்து எடுக்கவேண்டும். "வீட்டுல ஐஸ் கிடைக்குமா?" என்று டாக்டர் கேட்டபோது அம்மா அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள். "மீன்காரி வூட்டுல ஐஸுக்கா பஞ்சம்" என்றாள். கால் விரல் நகத்தை அமுக்கிவிட்டு விட்டால் வெளுத்த நிறம் உடனே சிவக்கவேண்டும், சிவக்காவிட்டாலோ, விரல் மரத்தாலோ, வலி தாங்க முடியாமல் ஏறினாலோ அப்படியே தூக்கிக்கொண்டு வரவேண்டும் என்றும் சொன்னார். அம்மா அங்கேயே ஐந்து நகங்களையும் அமுக்கிப் பார்த்துப் பழகிக்கொண்டாள்.

திரும்பி வரும்போது ஆட்டோவில், வெளியே பார்த்தபடியே அம்மா சொன்னாள்: "பாவாடை பூராப் பாசி. கொழாயடில ஏதுடி பாசி? நீயா சொல்றியான்னு பாத்துனு இருந்தேன். இன்னும் ரெண்டு நிமிஷம் நீ வாயத் தொறக்கலன்னா நானே சொல்லியிருப்பேன்." அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பொய்யைப் பற்றி இன்றுவரை ஒருமுறைகூட அவள் பேசியதில்லை.

அப்பா அப்போது மங்களூர்ப் பக்கம் விசைப்படகில் வேலைக்குப் போயிருந்தார். செய்தி கேட்டதும் போனில், "பத்தாவது பரீட்சை வருது. இத்தோட குதிக்கிறதெல்லாம் வேணாம்னு சொல்லிடு" என்றார். அம்மா சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "மொதல்ல கால் சேரட்டும்" என்று வைத்துவிட்டாள்.

வீட்டில் என்னைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. ஆகவே முழுக்கட்டுப் போட்ட மறுநாளிலிருந்து அம்மா என்னைத் தன்னோடு மணிக்கூண்டு மார்க்கெட்டுக்கு ஆட்டோவில் கூட்டிப் போனாள். அவள் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி, எதிரே கவிழ்த்த கூடையின் மேல் சாக்கு மடித்துப் போட்டு அதன்மேல் என் கால். மீன் வாசனைக்கு வரும் பூனைகள் என் மாவுக்கட்டின் மேல் முதுகைத் தேய்த்துக்கொண்டு போகும். மீன் வாங்க வந்தவர்கள் எல்லோரும் வைத்தியர்களாக மாறிவிட்டார்கள். ஒருவர் நண்டு ரசம் என்றார், ஒருவர் பிரண்டைத் துவையல் என்றார், இன்னொருவர் கட்டைப் பிரித்துவிட்டுப் பச்சிலை வைத்துக் கட்டச் சொன்னார். நண்டையும் பிரண்டையையும் அம்மா செய்து போட்டாள். கட்டைப் பிரிக்கச் சொன்னவரை மட்டும், "ஒனக்கு மீனு வேணுமா வேணாமா?" என்று ஒரே கேள்வியில் அனுப்பிவிட்டாள்.

அம்மாவிடம் வாடிக்கையாக வஞ்சிரம் வாங்கும் ஒரு வயதான அம்மாள் இருந்தார். அவருடைய கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்த "சொல்தா". அவர் இறந்து பல வருடம் ஆகியிருந்தது. மார்க்கெட்டில் எல்லோருக்கும் இந்த அம்மாள் "மதாம்". சனிக்கிழமை வந்தவர் என் காலைப் பார்த்தார், அம்மா என்னைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றுவதையும் பார்த்தார். திங்கட்கிழமை ஒரு ரிக்‌ஷாவில் இரண்டு மரக் கட்டைகளோடு வந்து இறங்கினார்.

"எங்க முசியேவோட பெக்கீ. சும்மாத்தானே கெடக்குது" என்றார். பெக்கீ என்றால் கக்கத்தில் ஊன்றி நடக்கிற கட்டை என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். முசியே, அதாவது அவர் கணவர், நெட்டையான மனிதராக இருந்திருக்கவேண்டும்; கட்டை என் தோளுக்கு மேல் நின்றது. மதாமே மார்க்கெட் ஓரத்தில் இருந்த தச்சரைக் கூப்பிட்டு அறுக்கச் சொன்னார். அம்மா பதறி, "ஐயா ஞாபகமா வச்சிருந்தது, அறுக்காதீங்க மதாம்" என்றாள். "ஞாபகத்த வச்சி அவ நடக்க முடியுமா?" என்றார் மதாம். அறுத்த கட்டைகளை என் கையில் கொடுத்து, மீன் தட்டுகளுக்கு நடுவே இருந்த ஈரச் சந்தில், "தூஸ்மா, தூஸ்மா" என்று மெதுவாக நடக்கச் சொல்லிக்கொண்டே பின்னால் வந்தார். இடது காலைத் தூக்கிக்கொண்டு மார்க்கெட்டின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மீன்காரிகள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதினைந்து நாள் கழித்து நானே ஒரு இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தேன்.

ஆறு வாரம் கழித்து மாவுக்கட்டை அறுத்து எடுத்தபோது உள்ளே இருந்த காலைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. தோல் உரிந்து, வெளுத்து, ஆடுதசை சூம்பி, வேறு யாருடைய காலோ போல இருந்தது. எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாகக் கூடியிருக்கிறது என்றார் டாக்டர். ஆனால் வேலை இனிமேல்தான் ஆரம்பம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். தரையில் விரித்த துண்டைக் கால் விரல்களால் சுருட்டி இழுக்கவேண்டும். கட்டைவிரலால் காற்றில் எழுத்து எழுதவேண்டும். நான் அ முதல் ஃ வரைக்கும் எழுதுவேன். கொஞ்சம் கொஞ்சமாக எடையை ஊன்றி நடந்து, பிறகு பெக்கீயை விட்டு, பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கவேண்டும். கடைசியாக, அடிபட்ட காலில் மட்டும் நின்று கண்ணை மூடவேண்டும்.

இந்தக் கடைசிப் பயிற்சிதான் என்னை வதைத்தது. கண்ணைத் திறந்து நின்றால் நிற்க முடிந்தது, மூடினால் இரண்டு நொடியில் சாய்ந்தேன். பள்ளி திறந்துவிட்டது. காலையில் பல் தேய்க்கும்போது இடது காலில் நின்றே தேய்த்தேன், சாயங்காலம் அம்மா மீன் விற்றுவிட்டு வந்து உட்காரும்போது அவள் எதிரே நின்று காட்டினேன். அவள் வாய்விட்டு எண்ணுவாள். ஐந்து, எட்டு, பதினொன்று. ஆடி மாதத்தில் ஒரு நாள் அவள் முப்பது வரை எண்ணி, அப்புறமும் நிறுத்தாமல் நாற்பது வரை போய், "போதும் எறங்கு, உல கொதிக்குது" என்றாள். கண்ணைத் திறந்தபோது அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது. அன்றைக்கு இரவு அப்பா போன் செய்தபோது, "அவ குதிக்கட்டும். நான் பாத்துக்கறேன்" என்று மட்டும் சொன்னாள். மறுமுனையில் அப்பா ஏதோ பேசினார். "நீ வந்து பாரு, அப்புறம் பேசு" என்றாள்.

ஐப்பசியில் மெல்ல ஓடினேன். கார்த்திகையில் மழை விட்டு மணல் குழி காய்ந்ததும், டாக்டர் கடைசியாக ஒரு முறை ஒற்றைக் காலில் தத்தச் சொல்லிப் பார்த்துவிட்டு, தாண்டலாம் என்றார். காலுக்கு அனுமதி கிடைத்துவிட்டது. எனக்குள் இருந்த பயத்துக்கு யாரும் எக்ஸ்ரே எடுக்கவில்லை. ஓடி வந்து பலகையை நெருங்கும்போது அந்த வெண்டைக்காய்ச் சத்தம் நினைவுக்கு வரும், அடி குறுகும், கால் மாறும். வலது காலால் எழும்பிவிடுவேன். வலது காலால் தாண்டினால் என் தூரத்தில் முக்கால் பங்குதான் வரும். டீச்சரிடம் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

பொங்கல் முடிந்து போட்டி வந்தது. லாஸ்பேட்டையில் ஒரு பெரிய மைதானம். காரைக்காலிலிருந்துகூடப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். பளபளக்கும் உடுப்பும் ஆணி வைத்த காலணியுமாக இருந்தவர்களைப் பார்த்ததும் என் வெறுங்காலை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டேன். ஆளுக்கு மூன்று வாய்ப்பு. முதல் தடவை பலகையைத் தாண்டி மிதித்துவிட்டேன், சிவப்புக் கொடி. இரண்டாவது தடவை பயம் வந்து கால் மாறியது. குறைந்த தூரம், ஐந்தாவது இடத்தில் இருந்தேன்.

குழியிலிருந்து எழுந்து மணலைத் தட்டிக்கொண்டிருந்தபோது கயிற்றுக்கு அப்பால் அம்மா நின்றிருந்தாள். மார்க்கெட்டிலிருந்து நேராக வந்திருக்கிறாள், இடுப்பில் சொருகிய முந்தானையைக்கூட எடுத்துவிடவில்லை, காலடியில் காலிக் கூடை. வருவேன் என்று சொல்லவேயில்லை. விளையாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாதவள், இதற்கு முன் நான் தாண்டி ஒரு தடவைகூடப் பார்த்திராதவள்.

"ஏய், அந்தக் காலால குதிக்கல நீ" என்றாள்.

நான் கயிற்றின் அருகே போனேன்.

"நாப்பது எண்ணுற வரைக்கும் நின்ன கால்டி அது. ஏன் அத ஒளிச்சி வைக்கிற?"

கொடி பிடித்திருந்தவர் அம்மாவைக் கயிற்றை விட்டுத் தள்ளி நிற்கச் சொன்னார். அம்மா ஒரு அடி பின்னால் போனாள், கண்ணை மட்டும் எடுக்கவில்லை.

மூன்றாவது முறை என் பெயரைக் கூப்பிட்டபோது, ஓடத் தொடங்கும் கோட்டில் இடது காலில் மட்டும் நின்று கண்ணை மூடிக்கொண்டேன். எத்தனை எண்ணினேன் என்று தெரியவில்லை. வரிசையில் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். கால் ஆடவில்லை. கண்ணைத் திறந்து ஓடினேன். பலகை வந்தது, இடது பாதம் அதன் நடுவில் முழுதாகப் பதிந்தது, எனக்குள் எந்தச் சத்தமும் கேட்கவில்லை. வயிற்றுக்குள் அந்தப் பழைய லேசு எழும்பி மேலே போனது. மணலில் விழுந்தபோது குழியின் ஓரத்தில் நின்றிருந்தவர் பின்னால் நகர்ந்தார்.

நாடாவைப் பிடித்து அளந்தார்கள், ஒருவர் குனிந்து படித்தார், இன்னொருவர் வந்து மறுபடி படித்தார். முதல் இடத்தில் இருந்த காரைக்கால் பெண்ணைவிட நாலு விரற்கடை அதிகம். மிச்சமிருந்த மூன்று பேரும் தாண்டி முடிக்கும் வரை டீச்சர் என் கையை விடவே இல்லை. யாரும் என்னைத் தாண்டிப் போகவில்லை.

பெயரை ஒலிபெருக்கியில் சொன்னபோது அம்மா கயிற்றுக்கு அடியில் குனிந்து உள்ளே வந்துவிட்டாள். யார் தடுத்தும் நிற்கவில்லை. என்னைப் புல்லில் உட்காரவைத்து, இடது காலைத் தன் மடியில் தூக்கி வைத்து, மண்ணைத் துடைத்துவிட்டு, குதிகாலை இரண்டு பக்கமும் உள்ளங்கைகளால் சேர்த்து அழுத்தினாள்.

"வலிக்குதா?"

"இல்லம்மா."

இன்னும் பலமாக அழுத்தினாள். "இப்ப?"

"இல்ல."

அப்புறம்தான் அழுதாள். மீன் வாசனை அடிக்கும் கையால் என் முகத்தைத் தடவித் தடவி அழுதாள். அப்பா அடுத்த மாதம் மங்களூரிலிருந்து வந்து, சான்றிதழை இரண்டு முறை படித்துவிட்டு, அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வாங்கி வந்தார். பத்தாம் வகுப்பிலும் பாஸ் செய்தேன்.

இப்போது நான் லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். தினமும் ஸ்கூட்டரில் போகும் வழியில் எங்கள் பழைய பள்ளியைக் கடக்கிறேன். மணல் குழி இருந்த இடத்தில் சிமெண்டு போட்டு வண்டி நிறுத்துகிறார்கள். மதாமின் வீடு கைமாறி, மஞ்சள் வண்ணம் அடித்த தங்கும் விடுதியாகிவிட்டது. கஜா மாமா இல்லை; அவர் இருந்த சந்தில் இப்போது சுளுக்கு எடுக்க யாரும் இல்லை. அந்த இளம் டாக்டர் மாற்றலாகி எங்கே போனார் என்று தேடிப் பார்த்தேன், தெரியவில்லை.

போன மாதம் ஸ்கூட்டர் ஸ்டாண்டு அதே குதிகாலில் இடித்து வீங்கிவிட்டது. எக்ஸ்ரே எடுத்தார்கள். ஈரப் படமெல்லாம் இப்போது கிடையாது. நான் கட்டிலிலிருந்து இறங்குவதற்குள் கம்ப்யூட்டர் திரையில் வந்துவிட்டது. வெறும் ஊமைக்காயம்தான், எலும்புக்கு ஒன்றுமில்லை என்றார் டாக்டர். இங்கேதான் முன்பு முறிந்தது என்று சொன்னேன். அவர் படத்தைப் பெரிதாக்கி, நகர்த்தி, திரும்பவும் பெரிதாக்கிப் பார்த்தார். "எந்தக் கால்னு சரியா ஞாபகம் இருக்கா? ஒரு கோடுகூடத் தெரியலையே" என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். எழுபதை நெருங்குகிறாள், மார்க்கெட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டாள், ஆனால் மீனை மட்டும் இன்னும் வேறு யாரையும் அரிய விடமாட்டாள். "அடையாளமே இல்லையாம்மா. பெருசு பண்ணிப் பாத்தாங்க" என்றேன்.

"அது போவணும்னுதான உன்னத் தூக்கினு அலைஞ்சேன்" என்று சொல்லிவிட்டு, அடுத்த சங்கராவை எடுத்துச் செதில் சீவ ஆரம்பித்தாள்.